நாற்பது பாகைக்குள்

அந்தச் சுவரொட்டியின் சின்ன எழுத்தை வாசித்ததுதான் பிழையாகப் போயிற்று.

பிறப்புச் சான்றிதழ் ஒன்றின் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன். நான் வரிசையில் நின்ற இடத்துக்கு நேரெதிரே, சமூக சேவைப் பிரிவின் கண்ணாடியில், ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரே சைக்கிளில் இரண்டு பெண்கள். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, இருவருக்கும் தனித்தனிப் பெடல். மாற்றுத்திறனாளிகளுக்கான ட்ரையத்லன் போட்டி காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஆறாமல் செய்து முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே யார் யார் எந்தப் பிரிவு என்று இருந்தது. கடைசிப் பிரிவு, பார்வைக் குறைபாடு.

என் முறை வந்ததும், "உந்தப் போட்டிக்கு விண்ணப்பம் இஞ்சையோ எடுக்கிறது?" என்று கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன்.

"ஆருக்கு ரீச்சர்?" அவருடைய மகள் என்னிடம்தான் கணிதம் படிக்கிறாள்.

"எனக்குத்தான்."

"எந்தப் பிரிவுக்கு?"

"பார்வைக்கு."

அவர் சிரித்தார். "நீங்கள் அதிலை நிண்டு அந்தக் குட்டி எழுத்தெல்லாம் வாசிச்சதை நான் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். மூன்றாவது அடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முழங்கால் மோதி, கதிரை விழுந்தது. பின்னால் சிரிப்பு நின்றுபோனது. நான் நடித்துக் காட்டுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். சுவரொட்டியில் இருந்த ரெலிபோன் இலக்கம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. எண்கள் எனக்கு மறப்பதில்லை.

என் கண்ணின் நோய்க்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. சிறு வயதில் மாலைக்கண் என்றார்கள். இருபத்தேழு வயதில் கொழும்பில் ஒரு வைத்தியர் சரியான பெயரைச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது, மருந்தில்லை என்றார். நடுவில் எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகையில் நேராக எழுதுவேன். ஊசியில் நூல் கோப்பேன். அந்த நடுவைச் சுற்றி ஒன்றுமில்லை. கறுப்பாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியாதோ, அப்படி.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் படிப்பிக்கிறேன். கண் தெரியாத ரீச்சரிடம் கணக்குப் படிக்க யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்ற பயம். பக்கத்தில் வந்து கதைத்த பெற்றோரைக் காணாமல் நேரே போய்விடுவேன். அவவுக்குப் பெருமை என்று பேர் எடுத்திருந்தேன். ஓரத்து வாங்கில் இருந்து கை உயர்த்தும் பிள்ளைகள், ரீச்சர் எங்களைக் கேட்பதேயில்லை என்று முறையிட்டார்கள். கணவருக்குக்கூட அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன். கண்ணில் கொஞ்சம் பிரச்சினை என்று. அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் நான் வாளியில் இடறும்போதெல்லாம், "நீர் பார்த்து நடக்கிறேல்லை. உமக்கு யோசினை வேறை எங்கையோ," என்பார். பத்து வருடம் கேட்டதில் எனக்கே அது உண்மைதானோ என்று வந்துவிட்டது.

சைக்கிளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வயதுவரை உரும்பிராயிலிருந்து நல்லூருக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஒருநாள் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே, பக்கத்தால் வீதியைக் கடந்த ஒரு முதியவரை நான் காணவில்லை. அவருக்கு முழங்கையில் உரசல் மட்டும்தான். "பரவாயில்லைப் பிள்ளை," என்று எழும்பிப் போய்விட்டார். நான் மறுபடி ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, அன்றைக்கே சாவியைக் கணவரின் தங்கையிடம் கொடுத்தேன். அதன்பிறகு பஸ், இல்லாவிட்டால் கணவரின் மோட்டார் சைக்கிளின் பின்இருக்கை.

அதனால்தான் அந்தப் படத்தின் முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன். பின்னால் இருந்தவளும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

போட்டி ஒழுங்கமைப்பாளர் ரெலிபோனில் என்னை ஒன்றும் விசாரிக்கவில்லை. "விதிமுறையை அனுப்புறன். வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் அதுக்குள்ளை வந்தால் வரலாம்," என்று மட்டும் சொன்னார். ஆங்கிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன. இரண்டு வாரம் இருந்து வாசித்தேன். கணக்குப் படிப்பிப்பவளுக்கு வரைவிலக்கணம் என்றால் ஒரு பிரியம்.

சக்கர நாற்காலிக்காரருக்கு ஒரு பிரிவு. அவர்கள் படுத்தபடி கையால் சுற்றும் சைக்கிளில் ஓடி, பிறகு பந்தயச் சக்கர நாற்காலியில் ஓட்டத்தை முடிப்பார்கள். நின்று ஓடக்கூடியவர்களுக்கு நான்கு பிரிவுகள். இலக்கம் இரண்டிலிருந்து ஐந்து வரை, இலக்கம் கூடக்கூடக் குறை குறைவு. கால் இல்லாதவர், கை இல்லாதவர், தசை பலமற்றவர் எல்லோரையும் தொட்டு, மடக்கி, அளந்து புள்ளி போட்டுத்தான் பிரிக்கிறார்கள். பார்வைக்கு மூன்று பிரிவுகள். முற்றாகத் தெரியாதவர்கள் முதலாவது. மூன்றாவதை விளக்கிய வரியில் என் விரல் நின்றது. எழுத்துத் தெளிவாகத் தெரிந்தாலும், பார்வைப் புலத்தின் விட்டம் நாற்பது பாகைக்குள் இருந்தால் அவர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்.

தெளிவாகத் தெரிந்தாலும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கோ ஓர் ஊரில், என்னைக் கண்டிராத சிலர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து இதை எழுதியிருக்கிறார்கள். சின்ன எழுத்தை வாசித்துவிட்டுக் கதிரையில் மோதுகிற ஒருத்தி உலகத்தில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதை நிரூபிக்கப் பார்வைப் புலத்தை அளந்த அறிக்கையும் வைத்தியரின் கையொப்பமும் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒரு கண் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே மெசினில் என்னை இருத்தியவள் ஓர் உதவியாளர். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவள். ஒரு கண்ணை மூடிக் கட்டி, நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைத் தந்தாள்.

"நடுவிலை உள்ள மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்கோ. பக்கத்திலை சின்னச் சின்ன வெளிச்சம் வரும். தெரிஞ்சால் அமத்துங்கோ. தெரியாட்டி சும்மா இருங்கோ. அவ்வளவுதான்."

தொடங்கியது. நடுவுக்குக் கிட்ட நாலைந்து வெளிச்சம் கண்டேன், அமர்த்தினேன். பிறகு ஒன்றுமில்லை. மெசினுக்குள் மட்டும் ஏதோ அசையும் சத்தம். அந்தச் சத்தத்தோடு எங்கோ வெளிச்சம் வந்து போகிறது, நான் அதைக் காணவில்லை என்று விளங்கியது. கை தன்பாட்டில் அமர்த்தத் தொடங்கியது. சத்தத்துக்கு ஒருதரம், ஊகத்துக்கு ஒருதரம். வீதியில் யாரோ சிரித்தால் எனக்கென்று நினைத்து நானும் சிரித்துவைக்கிற அதே பழக்கம்.

சிறிது நேரத்தில் அவள் மெசினை நிறுத்தினாள்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் தெரியாததுக்கும் அமத்துறியள்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மெசின் இடைக்கிடை வெளிச்சம் போடாமல் சும்மா விடும். அப்பவும் அமத்தினால் அதை எழுதி வைக்கும். நீங்கள் கனதரம் அமத்திட்டியள்."

மன்னிப்புக் கேட்டேன்.

"ஐயோ, இஞ்சை வாற ஆக்கள் கனபேர் செய்யிறதுதான். பாஸ் பண்ண வேணும் எண்டு நினைக்கினம். இது சோதினை இல்லை ரீச்சர். தெரியாட்டி தெரியாது. அதிலை என்ன வெக்கம்?" என்று சொல்லி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள்.

மறுபடி தொடங்கினோம். தெரியாததற்கு அமர்த்தாமல் இருப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சத்தம் வந்தது, போனது, வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டு கண்ணும் முடிந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அறிக்கைத் தாள் முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். வைத்தியர் அளந்து பதினான்கு பாகை என்று எழுதினார்.

அன்று பின்னேரம் கணவர் தோட்டத்தால் வந்து கை கால் கழுவிய பிறகு தாளை அவரிடம் கொடுத்தேன். வெள்ளை என்னவென்றும் கறுப்பு என்னவென்றும் சொன்னேன். அவர் கனநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினாலு பாகை எண்டால் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. கணக்காகச் சொல்லத் தெரிந்தது. "ஒரு அங்குலப் பைப்பை நாலங்குல நீளத்துக்கு வெட்டி, கண்ணிலை வைச்சுப் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்."

வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக வாங்கிய பைப்பின் துண்டுகள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. அவர் எழும்பிப் போய் ஒன்றை எடுத்து, அளந்து, இரண்டு துண்டு அறுத்தார். கண்ணுக்கொன்றாக வைத்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். வாளியைக் காணவில்லை, தட்டி ஊற்றினார். கிணற்றடிக்குப் போகும் வழியில் ஆட்டின் கயிற்றில் கால் சிக்கியது. உடுப்புத் தோய்க்கும் கல்லில் முழங்கால் அடிபட்டதும் அதிலேயே இருந்துவிட்டார். பைப்பை இன்னும் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார். நான் அவருக்கு வலப்பக்கத்தில் இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றேன்.

"இப்பிடியோ இவ்வளவு காலமும்?" என்றார், வேறு பக்கம் பார்த்து.

"ஓம்."

"நான் உம்மை என்னெல்லாம் பேசினனான்."

"நானும் வடிவாச் சொல்லேல்லைத்தானே."

அவர் பைப்பை இறக்கினார். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் பதிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாளி சுவரோடு இருக்கிறது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவர் சுற்றி வந்து நேரே முன்னால் நின்று சொல்கிறார்.

போட்டியைப் பற்றிச் சொன்னதும், "நான் வாறன் வழிகாட்டியா. நீர் பின்னாலை இரும்," என்றார்.

"ஏலாது. விதியிலை இருக்கு. பொம்பிளைக்குப் பொம்பிளைதான் வழிகாட்ட வேணும்."

"நீந்த, சைக்கிள் ஓட, ஓட, மூண்டும் தெரிஞ்ச பொம்பிளைக்கு நாங்கள் எங்கை போறது?"

அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் தோட்டமும் கிணறும் உண்டு. கடலில் நீந்துகிற பெண்கள் எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை. இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தி சிரித்தாள், மற்றவள் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் சொல்லவேயில்லை.

வைத்தியரின் கையொப்பம் ஒன்று விடுபட்டிருந்ததால் மறுபடி கண் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. மெசினில் என்னை இருத்திய அந்தப் பெண்தான் படிவத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரும்போது வாசித்துக்கொண்டே வந்தாள்.

"இதிலை வழிகாட்டியின்ரை பேர் எண்ட இடம் சும்மா கிடக்கே ரீச்சர்?"

"ஆள் கிடைக்கேல்லை. நீந்தத் தெரிய வேணும்."

அவள் படிவத்தை என் கையில் தராமல் நின்றாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "நாங்கள் குருநகர். அப்பா மீன்பிடி. அண்ணைமாரோடை சின்னனிலை கடலுக்குள்ளைதான் கிடந்தனாங்கள். பெரியபிள்ளையானாப் பிறகு அம்மா விடேல்லை. இருவது வருசமாக் காலும் நனைக்கேல்லை."

"சைக்கிள்?"

"ஒவ்வொரு நாளும் வேலைக்குச் சைக்கிளிலைதானே வாறன். ஓட்டம்தான் தெரியாது. பள்ளிக்கூடத்திலை கடைசியா வாறது நான்தான்."

"வீட்டிலை விடுவினமோ?"

"அவர் ஒண்டும் சொல்லார். மாமிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்," என்று சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்த பேனையாலேயே அந்த இடத்தை நிரப்பினாள்.

போட்டிக்கு ஆறு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேவாலயத்தில் காலைப் பூசை முடித்து வர, கணவரோடு நாங்கள் மூவரும் காரைநகருக்குப் போவோம். கசூரினாவில் கடல் ஆழமில்லை. கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். முதல் நாள் அவள் நீளக் காற்சட்டையும் மேற்சட்டையுமாகத் தண்ணீருக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பாய்ந்து போனாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, முகம் வேறொருத்தியின் முகம் மாதிரி இருந்தது. "மறக்கேல்லை அக்கா," என்றாள். அதுவரை ரீச்சர் என்றவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அக்கா என்றாள்.

எனக்கு நீச்சல் அவள்தான் பழக்கினாள். மிதக்கப் பழக ஒரு மாதம் சென்றது. பிறகு தொடையோடு தொடையாக ஒரு இழுபடும் கயிற்றால் எங்களைக் கட்டிக்கொண்டோம். விதி அப்படி. கட்டு இருக்க வேண்டும், ஆனால் அவள் என்னை இழுக்கக் கூடாது. நான் கோணினால் அவள் தோளால் என் தோளை ஒருதரம் தொடுவாள். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரட்டைச் சைக்கிள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. ஒழுங்கமைப்பாளர்கள் கடனாகத் தந்தார்கள். யாழ்ப்பாண ஸ்ரேசனில் அதை எடுத்து, அங்கிருந்து உரும்பிராய்க்கு நாங்களே ஓடிப் போவதென்று அவள் முடிவெடுத்தாள். முதல் ஐம்பது மீற்றரும் சைக்கிள் ஒரே ஆட்டம். "அக்கா, ஹாண்டிலை விடுங்கோ, உங்கடை ஹாண்டில் திரும்பாது. சும்மா பிடிச்சுக்கொண்டு மிதியுங்கோ," என்று கத்தினாள். பிறகு சீராகிவிட்டது. திருநெல்வேலிச் சந்தையடியில் சனம் விலகி நின்று பார்த்தது. யாரோ என் மாணவிகள் ரீச்சர் என்று கூப்பிட்டார்கள், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, இரண்டு பக்கமும் தலையாட்டினேன். மோட்டார் சைக்கிளின் பின்னாலும் அதே காற்றுத்தான். ஆனால் இது என் காலால் போகிற சைக்கிள். கோண்டாவில் கழிந்து தோட்டங்கள் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் இருந்ததால் காணவில்லை.

போட்டிக்கு முதல்நாள் ஒரு பாடசாலை வகுப்பறையில் பிரிவு பார்த்தார்கள். வெளியே வாங்கில் எனக்கு முன் ஒருவர் இருந்தார். வலது மணிக்கட்டு மடங்காது அவருக்கு, ஏதோ விபத்து. உள்ளே போய் வந்தவர், "குறை இருக்காம், ஆனால் பிரிவிலை சேர்க்கக் காணாதாம்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. தெரியாததைத் தெரிவதாகக் காட்டியே இவ்வளவு வருடமும் போக்கியவள், அன்று, உங்களுக்குத் தெரிகிறது போங்கோ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த பெண் வைத்தியர் ஒருவர் தாளைப் பார்த்தார், தானும் ஒருமுறை சோதித்தார். தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்து விரலை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். தெரிந்தபோது தெரியுது என்றேன். அதற்கு முன் சொல்லவில்லை.

"மூன்றாவது பிரிவு," என்றார் அவர். "ஆனா இது நிரந்தரம் இல்ல. உங்க நோய் கூடிக்கிட்டே போகும். அதனால திரும்பவும் பார்க்கணும்னு எழுதுறேன். பத்துப் பாகைக்குக் கீழ போனா ரெண்டாவது பிரிவு. அதுக்குப் பிறகு…" அவர் நிறுத்தினார்.

"முதலாவது," என்றேன். வாசித்திருந்தேனே. "அப்பவும் நான் போட்டிக்கு வரலாமோ?"

"வரலாம். அப்போ கறுப்புக் கண்ணாடி போட்டு ஓடணும், எல்லாரும் சமமா இருக்கிறதுக்காக. உங்க ஆரம்பமும் மற்றவங்களுக்குச் சில நிமிஷம் முன்னாடி இருக்கும்."

வைத்தியர்கள் பலர் எனக்கு என்னவாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு நான் எங்கே நிற்பேன், எத்தனை மணிக்குப் புறப்படுவேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கைகூப்பிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை கடல் அமைதியாக இருந்தது. சர்வதேசப் போட்டியில் எழுநூற்றைம்பது மீற்றர் நீச்சல், இருபது கிலோமீற்றர் சைக்கிள், ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். எங்களுக்கு அதில் பாதி. முற்றாகப் பார்வையில்லாத ஒருவர் தன் வழிகாட்டியோடு முதலில் இறங்கினார். பிறகு நாங்கள். உப்புத் தண்ணீர் இரண்டு தரம் மூக்கில் போனது. அவளின் தோள் நாலுதரம் என்னைத் தொட்டது. கால் மணலில் முட்டியபோது நம்ப முடியவில்லை.

கரையில் சைக்கிள்கள் நிறுத்திய இடத்துக்கு ஓடினோம். அங்கேதான் பிழை நடந்தது. சைக்கிளைத் தொடுவதற்கு முன் தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் அவள் தன் பட்டியைப் பூட்டாமல் சைக்கிளை எடுத்துவிட்டாள். விசில் ஊதியது. நடுவராக நின்ற அம்மா ஒருவர் வந்து, பட்டியைப் பூட்டச் சொல்லி, எங்கள் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். "தண்டனை இருக்கு. ஓட்டத்திலை நிண்டு போக வேணும்."

அங்கே தொண்டராக நின்றவர் முதல்நாள் கண்ட அந்த மணிக்கட்டுக்காரர். சேர்த்துக்கொள்ளாதபோதும் உதவிக்கு வந்திருந்தார். "பாவம் மிஸ், கண் தெரியாத பிள்ளையள். விட்டுவிடுங்கோவன்," என்றார் நடுவரிடம்.

"கண்ணுக்குத்தானே தனிப் பிரிவு குடுத்திருக்கு," என்றார் அந்த அம்மா. "பட்டி எல்லாருக்கும் ஒரே பட்டிதான்."

சைக்கிள் ஓடும்போது முன்னால் இருந்தவள் பொருமிக்கொண்டே வந்தாள். "என்ன மனுசி அக்கா அது. ஒரு இரக்கமில்லை." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பாவம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அந்த அம்மா என்னை மற்றப் போட்டியாளர்களைப் போலவே நடத்தினார்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் கீறியிருந்தது. அதற்குள் போய் நின்றோம். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். பத்து எண்ணும் வரை இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். பிறகு ஓடினோம், கையோடு கை கயிறு கட்டி.

ஒரு கிலோமீற்றர் போனதும் அவளுக்கு ஏலாமல் போய்விட்டது. "அக்கா, எப்பன் மெதுவா," என்றாள். வழிகாட்டி போட்டியாளரை இழுக்கக் கூடாதென்று விதியில் இருக்கிறது. வழிகாட்டியைப் போட்டியாளர் இழுக்கலாமா என்று எனக்கு ஞாபகத்தில் இல்லை. இழுக்கவில்லை, நடந்தோம். அவள் மூச்சை விழுங்கி விழுங்கி, "கல்லு… இடப்பக்கம் மணல்… இப்ப நேரே," என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. அரைவாசிக்குப் பிறகு திரும்ப ஓடினோம். முடிவுக் கோடு தெரிந்தபோது கணவர் வீதியின் நட்டநடுவில், நான் காணக்கூடிய இடத்தில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு நடுவர் வந்து அவரை ஓரத்துக்குக் கலைத்தார்.

வழிகாட்டி முதலில் கோட்டைக் கடக்கக் கூடாது. அவள் அதை மறக்கவில்லை. கடைசி நாலைந்து அடியில் அரை எட்டுப் பின்னால் வாங்கிக்கொண்டாள். பெண்களின் பார்வைப் பிரிவில் நாங்கள் ஒரு சோடிதான். முதலிடமும் கடைசி இடமும் எங்களுக்கே. இரண்டு பேருக்கும் பதக்கம் தந்தார்கள், அவளுக்கும் எனக்கும் ஒரே அளவில். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பின்னேர வேலைக்குப் போனாள்.

அடுத்த வாரம் ரியூசனில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, பதினான்கு பாகையை வெட்டிக் காட்டினேன். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் மாற்றவில்லை. இப்போது ஓரத்து வாங்கில் இருப்பவர்கள் கை உயர்த்துவதில்லை, "ரீச்சர், வலப்பக்கம்," என்று குரல் கொடுக்கிறார்கள்.

இவையெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. இந்த வருடம் மறுபடி சோதித்தார்கள். ஒன்பது பாகை. இரண்டாவது பிரிவு. மெசினில் இருத்தியது அவள்தான், தாளை முதலில் கண்டதும் அவள்தான்.

"இது நல்லதோ கூடாதோ அக்கா?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குக் கூடாது. போட்டிக்கு ஒண்டுமில்லை, இடம் மாறுது, அவ்வளவுதான்."

அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். வீட்டில் கணவர் பைப் துண்டு அறுக்க வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் நீளம் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை.

நன்றி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நீங்கள் இல்லாட்டி நான் கடலுக்குள்ளை இறங்கியிருப்பனோ?" என்பாள். அதனால் அவளுக்கு நேரே சொல்வதில்லை, இப்படி எழுதத்தான் முடிகிறது.

போன ஞாயிறு கடல் கொந்தளிப்பாக இருந்தது. நீச்சலை விட்டுவிட்டு, கடனாகத் தந்தவர்கள் இன்னும் திருப்பிக் கேட்காத அந்தச் சைக்கிளில் கீரிமலைப் பக்கம் போய் வந்தோம். வரும் வழியில் வீதியோரம் பச்சைக் கோடு போட்ட வத்தகப்பழம் குவித்து வைத்து விற்றார்கள். அவள் இறங்கித் தட்டித் தட்டிப் பார்த்து, அங்கே கிடந்ததிலேயே பெரிய ஒன்றை வாங்கிவிட்டாள். இரட்டைச் சைக்கிளில் கூடை இல்லை. பழம் என் மடிக்கு வந்தது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மிதிக்க முயன்றேன், முழங்கால் பழத்தில் இடித்தது. கடைசியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"அக்கா, மிதிக்கிறியளோ இல்லையோ?" என்றாள் முன்னாலிருந்து.

"மிதிக்கிறன்," என்றேன்.

"பொய்," என்றாள் அவள். எதிர்க்காற்றில் குனிந்து, பழத்தோடு சேர்த்து எங்கள் மூவரையும் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.